முட்டையும் கருங்கல்லும்

வேலை கேட்டுப் போன இடத்தில் கொத்தனாரை யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. உட்காரச் சொன்னார்கள். தேநீர் கொடுத்தார்கள். யாராவது திட்டியிருந்தால் அவரும் நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டிருப்பார். அங்கிருந்த இளம் இன்ஜினியர் அவருடைய செல்போனை வாங்கி, அதிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, ரொம்பத் தன்மையாக ஒரு வார்த்தை சொன்னான். அதுதான் அவரைச் சாய்த்துவிட்டது.

"எல்லாம் ஒரே சுவர் மாதிரி இருக்கே அண்ணே."

ஊரின் பழைய நீரேற்று நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். போன வெள்ளத்தில் அதன் கருங்கல் சுவர் ஒரு பக்கமாக வயிறு தள்ளி நிற்கிறது. பிரித்து, அதே கல்லை வைத்து, அதே மாதிரி திருப்பிக் கட்ட வேண்டும். கல் வேலை தெரிந்த தலைமைக் கொத்தனார் தேவை, முன்பு செய்த வேலைகளின் படங்களோடு வரவும் என்று அறிவித்திருந்தார்கள். கொத்தனார் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை செய்தவர். அந்த மனிதர் வயதாகித் தொழிலை மூடிவிட்டு, மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். கட்டியதெல்லாம் காண்ட்ராக்டர் பெயரில் நின்றது. கொத்தனாரிடம் மிஞ்சியது கையும் கரண்டியும்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. நல்ல படமா எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார். பையிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு தரையில் உருண்டு சுவரில் போய் முட்டியது. எடுக்கவில்லை. கருவியைத் தரையில் போட்டவனை வேலையை விட்டே விரட்டுகிற மனிதர் அவர்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

"எல்லாம் ஒரே சுவர் மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரிப் படிக்கட்டும், ஸ்டேஷன் பின்னாடி மேட்டு மண்ணு சரியாம பிடிச்சு நிக்கற தாங்குசுவரும் ஒண்ணாம். ஒரு சுவருக்கு எந்தக் கல்லுன்னு பொறுக்கறதுக்கே நான் பாதி நாள் நின்னிருக்கேன். ஒரே சுவராம்."

அவள் அவர் செல்போனை வாங்கிப் பார்த்தாள். இன்ஜினியர் பையன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. நட்டநடு வெயிலில், நேருக்கு நேர் நின்று, சாம்பல் பூசிய பலகை மாதிரி எடுத்து வைத்திருந்தார். எந்தக் கல் முன்னால் இருக்கிறது, எது உள்வாங்கியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

அவள் மாணவர் விடுதி ஒன்றில் சமையல் செய்கிறாள். விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள். கொஞ்ச நாள் முன்னால் விடுதிக்கு விளம்பரப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரப் பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வாசற்படியில் குனிந்து வருகிற அளவுக்கு உயரம். பிள்ளைகள் பார்த்தவுடனேயே 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏணி சமையலறைக்கு வந்து டியூப் லைட்டை அணைக்கச் சொன்னாள். சூப் பானையைப் பக்கத்து ஜன்னலோரம் நகர்த்தினாள். அப்புறம் எடுத்துக் காட்டிய படத்தைப் பார்த்து அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தினமும் அவள் வைக்கிற அதே காய்கறி சூப். ஆவி நூல் நூலாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காரட் துண்டும் தனித்தனியாக நின்றது. அவளுக்கே ஒரு கிண்ணம் குடிக்கலாம் போலிருந்தது.

செல்போனைப் பார்த்த அந்த நிமிஷம் அவளுக்குச் சூப் பானைதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் ஏணியின் ஸ்டுடியோவுக்குப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே மாடி. 'தனிப் பயிற்சி அளிக்கப்படும்' என்று வாசலில் அட்டை தொங்கியது.

"யாருக்கு அக்கா, பொண்ணுக்கா பையனுக்கா?"

"எனக்குத்தான் டீச்சர்."

"ஐயோ, டீச்சர்னெல்லாம் கூப்பிடாதீங்க. உங்க தங்கச்சி வயசுதான் எனக்கு."

"வயசு தங்கச்சிதான். சொல்லிக் குடுக்கறது நீங்கதானே? டீச்சர்தான்."

நாலு ஞாயிற்றுக்கிழமை, காலையில் வகுப்பு என்று பேச்சாயிற்று. விடுதிச் சம்பளத்திலிருந்து நாலு வகுப்புக்கும் உண்டான காசை அக்கா அங்கேயே கட்டினாள். பழைய கேமரா ஒன்றை ஏணி இரவலாகக் கொடுத்தாள். முதல் வகுப்பில் கேமராவின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தாள். அக்கா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் எனக்குத் தெரியாட்டியும் பரவாயில்ல. எனக்குச் சுவர் எடுக்கத் தெரியணும்."

"சுவரா?"

"கருங்கல் சுவர். எங்க வீட்டுக்காரர் கட்டினது. பார்க்கறவங்களுக்கு இது வேற, அது வேறன்னு தெரியணும். மாசம் முடியறதுக்குள்ள."

ஏணி நாற்காலியில் சாய்ந்தாள். கல்யாணம், பிறந்தநாள், குழந்தை, பூனை என்று எடுக்க வந்தவர்கள் உண்டு. சுவர் எடுக்க யாரும் வந்ததில்லை. எழுந்து போய்த் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு முட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

"அடுத்த வாரத்துக்குள்ள இது உருண்டைன்னு எனக்குக் காட்டுங்க."

"முட்டை உருண்டைன்னு ஊருக்கே தெரியுமே?"

"உங்க படத்துக்குத் தெரியாது. எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தாள். வெள்ளைக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டிய மாதிரி தட்டையாக வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே முட்டைதான். ஜன்னல் விளிம்பில் முட்டை, படியில் முட்டை, துணி துவைக்கிற கல்லின் மேல் முட்டை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வெயில் சாய்ந்ததும் ஒன்று. விடுதியில் காய் நறுக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பாள்; வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று. எடுத்து முடித்த முட்டையெல்லாம் சாப்பாட்டுக்கு வந்தன. அவித்து, பொரித்து, குழம்பில் போட்டு.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் பஸ் கண்டக்டர். கொத்தனாருக்கு மூத்தவள். கை இரண்டிலும் பை இருந்தால் விசிலை உதட்டாலேயே அடிப்பாள். டிரைவர்கள் அவளை 'டபுள் விசில்' என்பார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவள் தட்டைப் பார்த்தாள்.

"ஏம்மா, இன்னிக்கும் முட்டையா? இந்த வீட்டுல முட்டைக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல. என்னை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"நீங்க ஒரு இடத்துல அசையாம இருந்தா எடுக்கறேன் அண்ணி."

"ஓடற பஸ்ல நின்னு பழகினவ நான். அசையாம இருக்கச் சொன்னா விழுந்துடுவேன்."

கொத்தனார் சிரிக்கவில்லை. முட்டையைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டுக் கை கழுவினார்.

இரண்டாம் வகுப்புக்கு அக்கா சீக்கிரமே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஏணி தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். "நல்லா வந்ததைக் காட்டுங்க" என்றாள்.

"நல்லா வந்ததை எடுத்துட்டு வரல டீச்சர். அது எனக்குத் தெரிஞ்சு போச்சே. வராததைத்தான் கொண்டு வந்திருக்கேன். இது ஏன் வரலன்னு சொல்லுங்க."

ஏணிக்குத் தூக்கம் கலைந்தது. பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் நன்றாக வந்த படத்தை நீட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பாராட்டு வாங்கிக்கொண்டு போவதற்குத்தான் பாதிப் பேர் வருவது. இவள் இருபது தவறான முட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, வீணாகப் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறாள். தேநீர் போடவா என்று ஏணி கேட்டதற்கு, "வகுப்பு முடிஞ்சதும் நானே போட்டுத் தர்றேன், நீங்க சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு ஏணி அவளைப் பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப்போனாள். வெயில் தலைக்குமேல் ஏறாத நேரம். சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தது.

"முட்டைல என்ன கத்துக்கிட்டீங்க?"

"வெளிச்சம் முன்னாடி இருந்து வந்தா சப்பையாயிடுது. பக்கத்துல இருந்து வந்தா உருண்டையாகுது."

"அவ்வளவுதான் அக்கா. சுவர்னு நினைக்காதீங்க. அடுக்கி வச்ச முட்டைன்னு நினைச்சுக்கோங்க."

மூன்றாம் ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஏணி போனில் வகுப்பை ஒத்திப்போடலாம் என்றாள்.

"மழை வந்தா சுவர் எங்கயாவது ஓடிப் போயிடுமா டீச்சர்?"

"வெயில் இல்லாம எப்படிக்கா பக்க வெளிச்சம் கிடைக்கும்?"

"அதைத்தான் கேட்க வர்றேன். வெயில் இல்லாட்டி என்ன பண்றது? மாசக் கடைசிலயும் மழை பெஞ்சா?"

ஒரு குடைக்குள் இரண்டு பேரும் ஸ்டேஷன் பின்னால் போனார்கள். ஏணியின் உயரத்துக்குப் பிடித்த குடையில் அக்கா முழுக்க நனைந்தாள். நனைந்தது வீண்போகவில்லை. காய்ந்த கல்லில் தெரியாத நிறமெல்லாம் ஈரத்தில் வெளியே வந்திருந்தது. ஒன்று நீலம் பாய்ந்தது, ஒன்று செம்மண் ஓடியது, ஒன்றில் மிளகைத் தூவிய மாதிரி புள்ளி. மேலே சேர்ந்த தண்ணீர், தாங்குசுவரில் விட்டு வைத்திருந்த துவாரங்கள் வழியாக ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா எடுத்துக்கொண்டேயிருந்தாள். துணியால் கேமராவைத் துடைத்துத் துடைத்து ஏணிக்குக் கை வலித்தது.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேமராவைக் கட்டிலில் வைத்தாள். கொத்தனார் பார்க்காத மாதிரி பார்த்தார். பிறகு எடுத்தார். பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஒரு படத்தில் நின்றார்.

"இங்க ஏன் நிறுத்தின?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குக் கீழ வரிசைலதான் விஷயமே இருக்கு. சுவரோட இந்தப் பக்கத்துல இருந்து உள் மண்ணு வரைக்கும் ஊடுருவிப் போற நீளக்கல்லு அங்கதான் போட்டிருக்கேன். அதோட மூஞ்சி சின்னதாத் தெரியும். சின்னக் கல்லுன்னு நினைப்பாங்க. அதுதான் மொத்தத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கட்டினவர் படுத்துக்கிட்டு இருந்தா?"

அன்றைக்குக் கொத்தனார் சூப்பை இரண்டாம் முறை ஊற்றச் சொன்னார். ரொட்டியைத் தொட்டுக்கொண்டே, "தண்ணி துவாரம் வழியா இறங்குறதைப் பிடிச்சிருக்கா பாரு" என்று, சாப்பிட இறங்கி வந்திருந்த உடன்பிறந்தவளிடம் கேமராவை நீட்டினார். நாத்தனார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அடேய், தினம் இது வழியாத்தான் எங்க பஸ் போகுது. இதையா நீ கட்டின?"

"உனக்குத் தெரியாதா?"

"நீ எங்கடா சொன்ன? வேலைக்குப் போறேன்னு போவ, வேலை முடிஞ்சுதுன்னு வருவ."

நாலாவது ஞாயிறு நாத்தனாருக்கு விடுமுறை. எந்தச் சுவருக்கு எந்த பஸ், எங்கே மாறி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கொத்தனார் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஏணி அவரை அண்ணே என்று கூப்பிட, அவர் பதிலுக்கு என்ன கூப்பிடுவது என்று தெரியாமல் மென்று விழுங்கி, கடைசியில் அவரும் டீச்சர் என்றே ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டு முடிந்தது. பூங்காவின் வளைவுச் சுவர் முடிந்தது. அங்கே ஏணிக்கும் அவருக்கும் சின்னச் சண்டை. அவள் கொடி படர்ந்த பகுதி அழகு என்றாள். அவர் சுவர் வளைந்து திரும்பும் இடத்தை எடுக்கச் சொன்னார். "கொடியை நானா கட்டினேன்?" என்றார். அக்கா இரண்டையும் எடுத்தாள்.

கடைசியாகப் பள்ளிக்கூடத்து மதில். அது அவருடைய கைவேலையிலேயே உசத்தி. பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு கல்லைக்கூட இடத்துக்காக உடைக்கல. கல்லுக்கு ஏத்த இடம் கிடைக்கற வரைக்கும் ஓரமா வச்சிருப்பேன். ஒரு கல்லு மழைக்காலம் பூரா ஓரமாவே கிடந்துச்சு. கடைசில போய் உட்கார்ந்தது பாருங்க, அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி."

திருப்பத்தில் பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போனது. எதிரே வழுவழுவென்று வெள்ளைச் சுவர்.

கொத்தனார் இரண்டு பக்கமும் பார்த்தார், இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்பதுபோல. இடம் மாறவில்லை. மதிலை முழுக்க சிமென்ட் பூசி, வெள்ளையடித்து, ஒரு ஓரத்தில் கைகழுவும் முறையைப் படமாக வரைந்திருந்தார்கள். அவர் கிட்டே போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். காய்ச்சல் பார்ப்பது மாதிரி இருந்தது.

"பூசிட்டாங்க" என்றார். அப்புறம், "நல்லாத்தான் பூசியிருக்காங்க" என்றார்.

"வாடா போகலாம்" என்றாள் நாத்தனார். "இருக்கறதே போதும்."

"இது இல்லாம என்னத்தைக் கொண்டு போய்க் காட்டறது? இதுதானே சுவர்."

அக்கா அவர் பக்கம் பார்க்கவில்லை. மதிலின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்பக்கம்?" என்றாள்.

"என்ன பின்பக்கம்?"

"சுவருக்குப் பின்பக்கம் இருக்குமில்ல? அதையும் நீங்கதானே கட்டினீங்க? அங்கயும் வெள்ளையடிச்சிருப்பாங்களா?"

பின்பக்கம் பள்ளியின் தகரக் கொட்டகை. மதிலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளிதான். உடைந்த பெஞ்சு, நெளிந்த வாளி, சருகு, ஈரம், பூனை நாற்றம். பள்ளிக் காவலாளியிடம் நாத்தனார் பேசப் போனாள். என்ன பேசினாளோ, அவர் சாவியோடு கூடவே ஓடிவந்தார்.

கொத்தனார் எட்டிப் பார்த்தார். அங்கே பூச்சு இல்லை. அவர் வைத்தது வைத்தபடி கல் நின்றது.

ஏணி உள்ளே நுழையப் பார்த்தாள், தோள் இடித்தது. தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "முடியாதுக்கா. பின்னாடி தள்ளி நிக்க இடமே இல்ல. மூக்கு முன்னாடி ரெண்டு கல்லுதான் விழும்."

"நேரா நின்னாத்தானே தள்ளிப் போகணும் டீச்சர்? சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நீளவாக்குல எடுத்தா?"

ஏணி யோசித்தாள். "இருட்டா இருக்கே."

"கொஞ்சம் பொறுங்க. அந்த மூலைல வெயில் எட்டிப் பார்க்குது."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். கன்னம் கல்லில் உரசியது. கழுத்தில் எறும்பு ஏறியது, அசையவில்லை. கொட்டகைத் தகரத்துக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் வெயில் மெதுவாக இறங்கியது. முதலில் மேல்வரிசைக் கல்லின் நெற்றி, பிறகு அதற்குக் கீழே, பிறகு அதற்கும் கீழே. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் தோளில் நிழலைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தது. வரிசை வரிசையாக, கடைசிவரை, ஒன்றும் ஒன்றைப் போல இல்லை.

வெளியே கொத்தனார் பொறுமையில்லாமல், "கீழேர்ந்து மூணாவது வரிசை, அந்த மழைக்காலக் கல்லு..." என்றார்.

"பார்த்துட்டேன். பேசாம இருங்க, கை ஆடுது."

வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை. முழங்கையில் ரத்தம். கேமராவை முதலில் ஏணியிடம் கொடுத்தாள். ஏணி பார்த்தாள். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தன் தோள்பையைக் கழற்றி நாத்தனார் கையில் திணித்தாள்.

"தள்ளுங்க. எப்படியாவது மூச்சைப் பிடிச்சு நுழைஞ்சுடறேன். எனக்கும் ஒண்ணு வேணும்."

அன்றைக்கு வகுப்பு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அக்கா உட்பட.

மாசக் கடைசியில் கொத்தனார் படங்களைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போனார். அக்காவை வாசலிலேயே நிற்கச் சொன்னார். அவள் கேட்காமல் உள்ளே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜைக்கு அந்தப்புறம் இளம் இன்ஜினியரோடு தலைமை இன்ஜினியர் அம்மாளும் இருந்தார். படங்களைப் பரப்பினார்கள். முதல் முறை மாதிரி தள்ளிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றிலும் நின்றார்கள்.

"இந்தத் தாங்குசுவர்ல தண்ணி இறங்க எவ்வளவு இடைவெளி விட்டீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அவ்வளவுதான். கொத்தனாருக்கு வாய் திறந்துகொண்டது. வீட்டில் ஒரு நாளும் பேசாத பேச்செல்லாம் பேசினார். எழுந்து நின்று கையால் கல்லைத் தூக்குகிற மாதிரி காட்டினார். இளைஞன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டான், நல்ல கேள்விகள். பள்ளிக்கூடத்து மதில் படம் வந்தபோது அந்த அம்மாள் அதைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இது யார் எடுத்தது?"

கொத்தனார் தன் வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து வாயைத் திறந்தவர், கேள்வி புரிந்ததும் பக்கத்து நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

"இவங்க எடுத்தது" என்றார். மனைவியை அவர் 'இவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வேலை கிடைத்தது. அதோடு இன்னொன்றும் கிடைத்தது. சுவரைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும், பிரிக்கும்போது ஒவ்வொரு வரிசையையும் படமெடுத்து வைக்க அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முடியுமா என்று அந்த அம்மாள் அக்காவிடம் கேட்டார். அக்கா உடனே தலையாட்டவில்லை. "காலைல சீக்கிரம் வருவேன். சாயங்காலம் திரும்ப வருவேன். மத்தியானம் எடுக்கச் சொல்லக் கூடாது" என்றாள்.

ஏணியிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவள் ஒரு கல்யாண ஆல்பத்தில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். "கேமராவை நீங்களே வச்சுக்கோங்கக்கா. தவணையா முட்டை குடுங்க" என்றாள்.

முதல் ஞாயிறு நீரேற்று நிலையத்தில் சாரம் கட்டி முடித்திருந்தார்கள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. கொத்தனார் மேலே நின்று இரண்டு ஆட்களோடு முதல் கல்லுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். கருவிப் பை சாரத்தின் குறுக்குக் கட்டையில் ஒழுங்காகத் தொங்கியது. அக்கா கீழே கேமராவோடு இடம் பார்த்துக்கொண்டு, ஒரு அடி தள்ளி, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"அந்த மஞ்சள் சட்டைக்காரரைக் கொஞ்சம் விலகச் சொல்லுங்க. அவர் நிழல் கல்லுமேல விழுது" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

மஞ்சள் சட்டை போட்ட ஆள் வேலைக்குப் புதிது. கயிற்றைப் பிடித்தபடியே எரிச்சலோடு திரும்பினான்.

"யாருங்க அந்தம்மா? கல்லைத் தூக்கறதா, போட்டோவுக்கு நிக்கறதா?"

கொத்தனார் கீழே பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சாரத்தில் இருந்தவர்கள், மணல் சலித்துக்கொண்டிருந்தவர்கள், வாசல் காவலாளி என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"காசு கட்டிப் படிச்சவங்கப்பா. சொன்ன இடத்துல நில்லு."